திறந்த காருக்குக் காற்றுத் தடுப்பு – ஓர் உடைந்த ஷீட் கற்றுத் தந்த பாடம்

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மலர்க்குழு நண்பன் விடவில்லை. "கவிதைக்கு இருபது பேர் இருக்காங்க. நீ உன் புராஜெக்டைப் பத்தி எழுதுலே, ஜூனியர் பசங்களுக்காவது உபயோகப்படும்" என்றான். அவன் சொன்னது நியாயமாகப் பட்டது. அதோடு, புராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுத முடியாத சில விஷயங்களை இங்கே எழுதலாம். ரிப்போர்ட்டில் வெற்றியை மட்டும்தானே எழுதுகிறோம்!

எங்கள் குழு ஆறு பேர். பழைய மாருதி 800 எஞ்சினை வைத்து, ஒரு அங்குலச் சதுரக் குழாயில் சேஸிஸ் வெல்டு செய்து, இருவர் உட்காரும் திறந்த கார் ஒன்றைச் செய்தோம். கூரை இல்லை, கதவு இல்லை. முன்கண்ணாடியும் இல்லை. ஓட்டுபவரின் முகத்தில் காற்றும் தூசியும் அடிக்காமல் இருக்க ஒரு காற்றுத் தடுப்பு வேண்டும். அந்த வேலை என் பங்கு. "சின்ன வேலைதானே" என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தச் சின்ன வேலையில் நான் என்னென்ன தப்புச் செய்தேன், பிறகு எப்படித் திருத்தினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

1. கிட் கார் என்றால் என்ன?

காரை முழுதாக விற்காமல் பாகங்களாக விற்பார்கள். வாங்கியவர் வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டி முடித்துக்கொள்வார். இதுதான் கிட் கார். இது பெரிதாக வளர்ந்த இடம் இங்கிலாந்து. காலின் சாப்மன் என்ற எஞ்சினியர் 1957-ல் 'லோட்டஸ் செவன்' என்ற சிறிய திறந்த காரைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் அங்கே முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த சாதாரண ஆட்களும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்துக்கொள்ள அது ஒரு வழியாக இருந்தது. 1973-ல் அந்த வரி முறை போய் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்த லாபம் போயிற்று. ஆனாலும் கார் போகவில்லை. அதே 1973-ல் கேட்டர்ஹாம் நிறுவனம் செவனைச் செய்யும் உரிமையை வாங்கித் தொடர்ந்தது.

இன்னொரு செய்தியும் நமக்கு வேண்டியது. ரான் சாம்பியன் என்பவர், 250 பவுனுக்குள் ஸ்போர்ட்ஸ் கார் செய்வது எப்படி என்று 1996-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு பழைய காரை உடைத்து எஞ்சின், ஆக்சில் எல்லாம் எடுத்துக்கொண்டு, சேஸிஸை மட்டும் சதுரக் குழாயில் நாமே வெல்டு செய்வது அதன் முறை. எங்கள் வண்டியும் ஏறக்குறைய அந்த வழிதான்.

இந்த மாதிரிக் கார்களில் முழு முன்கண்ணாடிக்குப் பதிலாகத் தாழ்வான சிறிய தடுப்பு ஒன்றை வைப்பது உண்டு. அதற்கு ஏரோஸ்கிரீன் என்று பெயர். பந்தயக் கார்களில் இது பழைய வழக்கம். இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தின் பெயரிலேயே ஒரு வகைச் சிறு தடுப்பு இன்றும் வழங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் முன்கண்ணாடியை அப்படியே பானெட்டின் மேல் மடக்கிவிடலாம். நீங்களும் பழைய ஜீப்புகளில் பார்த்திருப்பீர்கள். இன்றைய அமெரிக்க இண்டிகார் பந்தயத்தில் 2020 முதல் எல்லாக் கார்களுக்கும் டைட்டானியச் சட்டத்தில் பாலிகார்பனேட் அடுக்குத் திரை வைத்திருக்கிறார்கள். அதன் முக்கிய வேலை, பறந்து வரும் துண்டுகள் ஓட்டுநர் தலையில் படாமல் காப்பது.

ஆக, காற்றுத் தடுப்பு என்பது அலங்காரப் பொருள் அல்ல. இதை நான் புரிந்துகொள்ளக் கொஞ்சம் விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

2. என் முதல் தடுப்பு

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. அம்மா பஸ் நிறுத்தத்தில் வடை, பஜ்ஜி போட்டு விற்கிறார்கள். புராஜெக்டுக்கு என் பங்குப் பணம் அம்மா எண்ணெய்ச் சட்டியின் முன்னால் உட்கார்ந்து சேர்த்த பணம். அதனால் எதை வாங்கினாலும் 'இதைவிடக் குறைந்த விலையில் உண்டா?' என்பதுதான் என் முதல் கேள்வி.

கடையில் பாலிகார்பனேட் ஷீட் கேட்டேன். விலை அக்ரிலிக்கைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் சொன்னார்கள். இரண்டும் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரே மாதிரிதான் இருந்தன. 'பார்க்க ஒன்றுதானே' என்று 4 மி.மீ. அக்ரிலிக்கை வாங்கி வந்தேன். அகலம் 900 மி.மீ., உயரம் 300 மி.மீ.. அடியில் மூன்று துளை. மூன்று எம்6 போல்ட். ஆட்டம் இருக்கக் கூடாது என்று முழுப் பலத்தோடு இறுக்கினேன். மார்க்கர் கோடுகளை அழிக்கத் தின்னர் போட்டுத் துடைத்தேன். பளிச்சென்று இருந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

எங்கள் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வந்து அடிக்கிற பக்கம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. அப்படியொரு ஆடி மாதச் சாயங்காலம் மைதானத்து ஓரத்து மண் பாதையில் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். மேற்கிலிருந்து கிழக்கே போகும்போது ஒன்றுமே இல்லை. ஸ்பீடாமீட்டர் 45 காட்டியது. தடுப்பு அசையவே இல்லை. ஓட்டிய நண்பன் "கண்ணாடிதான் இருக்கே" என்று ஹெல்மெட் வைசரை மேலே தூக்கிவிட்டான். திரும்பி மேற்கே வரும்போது அதே 45-தான். 'டக்' என்று ஒரு சத்தம். நடுப் போல்ட்டிலிருந்து விரிசல் ஓடி, ஷீட்டில் ஒரு பெரிய துண்டு பின்னால் பறந்தது. அவன் இடது புருவத்துக்கு மேல் மூன்று தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் அம்மா ஆஸ்பத்திரியில் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீயும் சின்னப் பையன்தானே" என்றார்கள். திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். துண்டுகளையெல்லாம் ஒரு சாக்கில் பொறுக்கிக்கொண்டு போய் மறுநாள் ஒர்க்‌ஷாப் சார் முன்னால் வைத்தேன். அவர் திட்டாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போகும்போது உடையல, வரும்போது ஏன் உடைஞ்சுது? கணக்குப் போட்டுக் காட்டு."

3. கணக்கு

காற்றின் அழுத்தத்துக்குச் சூத்திரம் நமக்குத் தெரிந்ததுதான்: அரை × காற்றின் அடர்த்தி × வேகத்தின் வர்க்கம். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ என்று கொள்வோம். நிமிர்ந்து நிற்கும் தட்டையான தகட்டுக்கு டிராக் கோஎஃபிஷியன்ட் சுமார் 1.2. எங்கள் ஷீட்டின் பரப்பு 0.27 சதுர மீட்டர்.

இதில் 'வேகம்' என்பது ஸ்பீடாமீட்டர் காட்டுகிற வேகம் அல்ல. காற்றுக்கும் வண்டிக்கும் இடையே உள்ள சார்பு வேகம். நான் கோட்டை விட்ட முதல் இடம் இதுதான். அன்றைய காற்று மணிக்கு 35 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

கிழக்கே போகும்போது: 45 – 35 = 10 கி.மீ. ஷீட்டின் மீது விசை 1.5 நியூட்டன். அதாவது 150 கிராம் எடை.

காற்றே இல்லாத நாளில்: 45 கி.மீ. விசை சுமார் 30 நியூட்டன். 3 கிலோ எடை.

மேற்கே வரும்போது: 45 + 35 = 80 கி.மீ. விசை சுமார் 96 நியூட்டன். ஏறக்குறைய 10 கிலோ எடை!

வேகம் 8 மடங்கு. விசை 64 மடங்கு. வர்க்கம் என்ற ஒரு சொல்லை எத்தனை முறை பரீட்சையில் எழுதியிருக்கிறோம்! அது புருவத்தில் வந்து அடித்த பிறகுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது.

இனி ஷீட் எப்படி உடைந்தது என்று பார்ப்போம். நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம்தான். 96 நியூட்டன் விசை ஷீட்டின் பாதி உயரத்தில், அதாவது 0.15 மீட்டரில் படுகிறது. அடியில் பெண்டிங் மொமெண்ட் 14.4 நியூட்டன்-மீட்டர். மூன்று போல்ட்டும் சமமாகத் தாங்கினால் ஒவ்வொன்றுக்கும் 4.8. ஒரு போல்ட்டைச் சுற்றி 40 மி.மீ. அகலம்தான் வேலை செய்கிறது என்று கொண்டால், செக்‌ஷன் மாடுலஸ் 40 × 16 ÷ 6 = 107 கன மி.மீ.. ஸ்ட்ரெஸ் = 4800 ÷ 107 = சதுர மி.மீ.-க்கு 45 நியூட்டன். அக்ரிலிக்கின் இழுவலிமை சுமார் 70. தப்பித்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் துளையின் ஓரத்தில் ஸ்ட்ரெஸ் இரண்டு, மூன்று மடங்கு ஏறும். அதோடு நான் இறுக்கிய இறுக்கு, தின்னர் போட்டதால் வந்த கண்ணுக்குத் தெரியாத நுண் விரிசல்கள், குழிகளில் வண்டியின் அதிர்வு. உடையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இப்போது அதே ஷீட்டை மூன்று புள்ளியில் பிடிக்காமல், அடிப்பக்கம் முழுவதையும் இரண்டு பட்டைகளுக்கு நடுவே பிடித்தால்? அகலம் 40 அல்ல, 900. செக்‌ஷன் மாடுலஸ் 2400. ஸ்ட்ரெஸ் வெறும் 6! ஷீட்டின் தடிமனைக் கூட்டவில்லை. பிடிக்கிற விதத்தை மாற்றினோம், அவ்வளவுதான்.

இந்தக் கணக்குப் போட எனக்குப் பிடித்த நேரம் இருபது நிமிடம். அதைத் துளை போடுவதற்கு முன்னால் போட்டிருக்கலாம்.

4. எதைத் தேர்ந்தெடுப்பது?

பொருள்: நான்கு வகை உண்டு.

லேமினேட்டட் கண்ணாடி – நடுவில் பிளாஸ்டிக் படலம் உள்ளது. உடைந்தாலும் துண்டுகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கார்களின் முன்கண்ணாடி இதுதான். கீறல் விழாது. ஆனால் கனம் அதிகம். நம் கையால் வெட்டி வளைக்க முடியாது.

டெம்பர்டு கண்ணாடி – உடைந்தால் சிறு கட்டிகளாக உதிரும். செய்து முடித்த பிறகு வெட்டவோ துளைக்கவோ கூடாது, முழுதும் நொறுங்கிவிடும்.

அக்ரிலிக் – லேசானது, வெயிலில் மஞ்சளாகாது, பாலிகார்பனேட்டைவிடக் கீறல் குறைவு. ஆனால் அடிபட்டால் கூரிய துண்டுகளாக உடையும். முகத்துக்கு நேரே வைக்க ஏற்றதல்ல.

பாலிகார்பனேட் – கண்ணாடியின் பாதி எடைகூட இல்லை. அடிபட்டால் வளையும், பள்ளம் விழும். எளிதில் துண்டாகிப் பறக்காது. குறைகளும் உண்டு. சீக்கிரம் கீறும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் பட்டால் கெடும். வெயிலில் மஞ்சளாகும், ஆகவே புற ஊதா காப்புப் பூச்சு உள்ள ஷீட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். எந்தப் பக்கம் பூச்சு என்று மேலே ஒட்டியுள்ள படலத்தில் எழுதியிருக்கும். அந்தப் பக்கம்தான் வெளியே வர வேண்டும். இரண்டாம் முறை நான் வாங்கியது இதுதான், 4 மி.மீ.. பணத்தை ஆறு பேரும் பங்கு போட்டார்கள். தையல் போட்டவனும் கொடுத்தான்.

உயரம்: தடுப்பின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேரே வரவே கூடாது. தாழ்வான தடுப்பு என்றால் அதற்கு மேலாகத்தான் ரோட்டைப் பார்க்க வேண்டும். ஓட்டுபவரை ஹெல்மெட்டோடு உட்கார வைத்து, அவர் கண் மட்டத்திலிருந்து, அவர் பார்க்க வேண்டிய மிக அருகிலுள்ள தரைப் புள்ளி வரை ஒரு நூலைப் பிடியுங்கள். மேல் விளிம்பு அந்த நூலுக்கு 5 செ.மீ.-யாவது கீழே இருக்கட்டும். "விளிம்பு கீழே இருந்தால் காற்று முகத்தில்தானே அடிக்கும்?" என்று கேட்பீர்கள். இல்லை. சாய்ந்த தகட்டில் மோதும் காற்று மேல்நோக்கி ஏறி, விளிம்பை விட்ட பிறகும் கொஞ்ச தூரம் ஏறிக்கொண்டே போகும். தலை அந்த ஏறுகிற காற்றுக்கு அடியில் இருந்தால் போதும்.

சாய்வு: நிமிர்த்தி வைத்தால் விசை அதிகம். ரொம்பச் சாய்த்தால் உயரம் போய்விடும், காற்றும் ஏறாது. நிமிர்ந்த நிலையிலிருந்து 30 டிகிரி பின்னால் சாய்த்தேன். 300 மி.மீ. ஷீட்டுக்கு 260 மி.மீ. உயரம் கிடைத்தது. மேல் விளிம்பில் 3 செ.மீ. மட்டும் சற்று நிமிர்ந்து நிற்கும்படி ஓர் உதடு வைத்தால் காற்று இன்னும் மேலே எறியப்படும். மோட்டார் சைக்கிள் விண்ட்ஷீல்டுகளில் இதைப் பார்க்கலாம்.

அடி இடைவெளி: இது பலருக்கும் தெரியாதது. தடுப்புக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஓர் இடம் உண்டாகிறது. அதை நிரப்பக் காற்று மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் சுழன்று உள்ளே விழும். தலையைப் பிடித்து ஆட்டுவது போன்ற உதறல் வருவது இதனால்தான். ஷீட்டின் அடியில் 15 மி.மீ. இடைவெளி விட்டால் கொஞ்சம் காற்று அந்த வழியே வந்து அந்தக் குறையைத் தீர்க்கும், உதறல் குறையும்.

5. பொருத்தும் முறை

1. முதலில் அட்டையில் மாதிரி வெட்டி வண்டியில் டேப்பால் ஒட்டிப் பாருங்கள். அட்டையில் செய்த தப்புக்கு விலை கிடையாது.

2. ஷீட்டின் காப்புப் படலத்தை உரிக்காமலே அதன் மேல் கோடு போடுங்கள். வெட்டிய பின் விளிம்பை அரத்தால் தேய்த்து, 180, பிறகு 400 உப்புத்தாள் போட்டு உருட்டுங்கள். விளிம்பிலுள்ள சிறு வெட்டுத்தான் விரிசலுக்கு விதை.

3. வளைக்க வேண்டுமானால் சூடாக்காமலே வளைக்கலாம். ஆரம், தடிமனைப்போல் 100 மடங்காவது இருக்கட்டும். பூச்சுள்ள ஷீட்டுக்கு இன்னும் கூடுதல் வேண்டும். 4 மி.மீ.-க்கு 400 மி.மீ. ஆரத்துக்குக் கீழே போகாதீர்கள். சூடாக்கி வளைப்பதானால் முதலில் அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கொப்புளம் வரும். எங்களிடம் அந்த வசதி இல்லை. அதனால் மேல் உதட்டை ஷீட்டில் வளைக்காமல், மெல்லிய அலுமினியப் பட்டையாகத் தனியே வைத்தோம்.

4. துளை போடும்போது அடியில் மரப்பலகை வையுங்கள். டிரில் பிட்டின் வெட்டு முனையைச் சிறிது மழுக்கிக்கொண்டால் ஷீட்டைக் கவ்வி இழுக்காது. மெதுவாக இறக்குங்கள். கட்டிங் ஆயில் வேண்டாம்.

5. துளை மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே துளை விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

6. எம்6 போல்ட்டுக்கு 6 மி.மீ. துளை போடாதீர்கள்! பாலிகார்பனேட் வெயிலில் நீளும். 900 மி.மீ. ஷீட் 40 டிகிரி சூடேறினால் சுமார் 2.4 மி.மீ. நீளும், கீழே உள்ள இரும்பு அரை மி.மீ. கூட நீளாது. நடுத் துளை மட்டும் சரியாக இருக்கட்டும். மற்றவை 8 மி.மீ., அல்லது பக்கவாட்டில் நீள்துளை.

7. அடிப்பக்கம் முழுவதும் 30 மி.மீ. அலுமினியப் பட்டை இரண்டின் நடுவே ஷீட்டைப் பிடியுங்கள். பட்டைக்கும் ஷீட்டுக்கும் நடுவே ரப்பர். நாங்கள் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டோம். மிருதுவான பி.வி.சி. போடாதீர்கள், அதிலுள்ள எண்ணெய்ப்பசை பாலிகார்பனேட்டைக் கெடுக்கும்.

8. பட்டைகளை நான்கு 15 மி.மீ. ஸ்பேசர்கள் மீது நிறுத்துங்கள். முன்பு சொன்ன அடி இடைவெளி கிடைத்துவிடும். இரு ஓரத்திலும் 10 மி.மீ. கம்பியில் ஒவ்வொரு முட்டு கொடுங்கள்.

9. நைலான் பூட்டுள்ள நட் போடுங்கள். நட் கழலாமல் இருக்க ஊற்றுகிற திரவப் பசை ஷீட்டில் பட்டால் விரிசல் விடும்.

10. ரப்பர் லேசாக அமுங்கும் வரை இறுக்கி நிறுத்துங்கள். 'இன்னும் ஒரு அரைச் சுற்று' என்று கை சொல்லும். கேட்காதீர்கள்.

11. சுத்தம் செய்யச் சோப்புத் தண்ணீரும் பஞ்சுத் துணியும் மட்டும். காய்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் கீறல் விழும்.

6. நூல் சொன்ன செய்தி

பொருத்தி முடித்தோம். ஆனால் காற்று எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டாமா? விண்ட் டனலுக்கு எங்கே போவது? சார் ஒரு உல்லன் நூல் உருண்டையைக் கொடுத்தார். இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, தடுப்பின் மேலும், ஹெல்மெட்டிலும், சீட்டின் முதுகிலும் டேப்பால் ஒட்டினோம். இன்னொரு வண்டியில் பக்கவாட்டில் வந்து ஒருவன் படம் எடுத்தான். படிப்பது சுலபம்: நூல் பின்னோக்கி நேராக நின்றால் காற்று ஒழுங்காகப் போகிறது. நூல் ஆடினாலோ முன்னோக்கித் திரும்பினாலோ அங்கே சுழல் இருக்கிறது.

தடுப்பிலிருந்த நூல் எல்லாம் ஒழுங்காக நின்றது. ஹெல்மெட் உச்சியிலும் சரி. சீட்டின் முதுகில் ஒட்டிய நூல்கள் மட்டும் முன்னால் பார்த்து நின்றன! வண்டி முன்னால் போகிறது, காற்று பின்னாலிருந்து வருகிறது! ஓட்டியவனும் அதையேதான் சொன்னான்: "முகம் நல்லாருக்கு மாப்ளே, பிடரிலதான் மண்ணா வந்து விழுது."

பின்னால் ஒரு தகரத்தை அடைத்துவிடலாம் என்று யோசித்தேன். அதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: "ஏல, தகரத்த வச்சிராத. நான் கடையில வச்சுப் பாத்துட்டேன். காத்து தகரத்துக்கு மேல ஏறி இந்தப் பக்கம் வந்து விழுந்து சுத்தும். பொகை பூரா மூஞ்சிலதான் அடிக்கும். சாக்கக் கட்டிவிட்டா அது பாதிக் காத்த உள்ள விடும், பொறவு சுத்தாது."

எத்தனையோ வருஷமாக அம்மா கடையில் அடுப்பைச் சுற்றிச் சாக்குத்தான் கட்டியிருக்கிறது. தகரம் வாங்கக் காசில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நூலகத்தில் தேடினேன். அம்மா சொன்னது அச்சாக இருந்தது. வயல்களுக்குக் காற்றுத் தடுப்பு வேலி போடும்போது, முழுதாக அடைத்த சுவரைவிடப் பாதிக்குப் பாதி இடைவெளி உள்ள வேலியே நெடுந்தூரத்துக்கு அமைதி தருகிறது. அடைத்த சுவருக்குப் பின்னால் சுழல் உண்டாகிறது. மெர்சிடிஸ் பென்ஸ் 1989-ல் கொண்டுவந்த எஸ்.எல். திறந்த காரில் சீட்டுக்குப் பின்னால் ஒரு காற்றுத் தடுப்பு வைத்தார்கள். அது பலகை அல்ல, சட்டத்தில் கட்டிய வலை! முன்தடுப்பைத் தாண்டிய காற்று பின்னால் இறங்கி, திரும்பி, சீட்டுக்கு வருவதை அந்த வலை அடக்குகிறது.

நாங்கள் அரை அங்குலக் குழாயில் சட்டம் செய்து, நர்சரித் தோட்டங்களுக்கு விற்கிற 50 சதவீத நிழல் வலையை இழுத்துக் கட்டினோம். மொத்த வேலையிலும் மிகக் குறைந்த செலவு இதற்குத்தான். மறுபடி நூல் ஒட்டிப் பார்த்தோம். முன்னால் பார்த்த நூல்கள் தொங்கிவிட்டன. அதாவது அங்கே காற்று அடங்கிவிட்டது.

7. முடிவாக

நமது வண்டியை மைதானத்தில் மட்டும்தான் ஓட்டலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு இல்லாத வண்டியைப் பொது ரோட்டில் ஓட்டக் கூடாது. தடுப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஹெல்மெட்டும், இறக்கிவிட்ட வைசரும் கட்டாயம். தடுப்பை நம்பி வைசரைத் தூக்காதீர்கள்.

காற்றை எதிர்த்து நிறுத்திவிடலாம் என்று நினைத்துத்தான் முதல் தடவை செய்தேன். இரண்டாம் தடவை அதற்கு வழி செய்து கொடுத்தேன்: மேலே ஏற ஒரு சாய்வு, அடியில் ஒரு சந்து, பின்னால் ஒரு வலை. இதே ஆடிக் காற்றில் அதே பாதையில் மேற்கு நோக்கி ஓட்டினோம். முதலில் நான் ஓட்டுகிறேன் என்றேன். என் வேலையை என் முகத்தை வைத்துத்தானே சோதிக்க வேண்டும்? பிறகு தையல் போட்ட நண்பன் சாவியைக் கேட்டான். நான் தயங்கினேன். "கணக்குப் போட்டுட்டல்லா? அப்பொறம் என்னலே" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான். வைசரை அவனே இறக்கிவிட்டான்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் வலையைக் காட்டி, "பின்னால் ஏன் வலை? ஏன் ஷீட் போடவில்லை? இந்த யோசனை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். புத்தகத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம். "எங்க அம்மா அடுப்புல இருந்து வந்தது சார்" என்றேன். சிரிப்பாரோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி முழுதும் கேட்டார்.

ஜூனியர் நண்பர்களே! உங்களில் பலரும் என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள்தான். நம் வீட்டில் இருப்பவர்களுக்கு டிராக் கோஎஃபிஷியன்ட் தெரியாது. ஆனால் அவர்கள் காற்றோடும் நெருப்போடும் மண்ணோடும் நாள் முழுவதும் வேலை செய்கிறவர்கள். உங்கள் புராஜெக்டை வீட்டில் ஒரு தடவை விளக்கிச் சொல்லிப் பாருங்கள். விலை குறைவு என்பதற்காக ஒரு பொருளை வாங்கும் முன், அது உடைந்தால் யார் மேல் படும் என்று கேளுங்கள். துளை போடும் முன் கணக்குப் போடுங்கள்.

உடைந்த அக்ரிலிக் துண்டு ஒன்றை ஒர்க்‌ஷாப் அலமாரியில் சார் வைத்திருக்கிறார். நடுவில் போல்ட் துளையும் அதிலிருந்து ஓடிய விரிசலும் தெளிவாகத் தெரியும். போய்ப் பாருங்கள்.